வகுப்பறைக்கு வெளியே பத்து நிமிடம்

அறிவியல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பள்ளி மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுவன யாவை? கண்ணாடிக் குடுவை, நுண்ணோக்கி, வெண்ணிற மேலங்கி. அண்மைக் காலமாகக் கண்காட்சி மேடையும் பதக்கமும். இவை யாவும் வேண்டுவனவே. புத்தாக்கப் போட்டிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பரிசு பெற்றுத் திரும்பும்போது நம் நெஞ்சம் பூரிக்கத்தான் செய்கிறது. ஆயினும், ஒரு பள்ளியில் இருநூறு பேர் பயின்றால் அம்மேடையில் நிற்போர் நால்வர் அல்லது ஐவர். எஞ்சியோருக்கு அறிவியல் என்பது ஒரு பயிற்சி நூல், அதில் நிரப்ப வேண்டிய கோடிட்ட இடங்கள், அவ்வளவே.

பள்ளி வேலிக்கு அப்பால் நிற்கும் பால்மரமும், திடலின் ஓரத்தில் படர்ந்திருக்கும் தொட்டாற்சுருங்கியும், கால்வாயில் நெளியும் கொசுப்புழுவும் அவர்களுக்கு அறிவியலாகத் தோன்றுவதில்லை. அம்மரங்களின் நடுவே நாள்தோறும் உழைக்கும் தம் பெற்றோர் அறிவியல் அறிந்தவர்கள் என்ற எண்ணமோ அவர்களிடம் அறவே இல்லை. இந்த இரண்டாவது குறையே எமக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

ஆதலின், வாரத்தில் மூன்று நாளேனும், நாளொன்றுக்குப் பத்து நிமிடம், எவ்வித முன்னேற்பாடும் இன்றி, ஆசிரியர் தம் மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று ஏதேனும் ஒன்றைப் பார்க்கவும் எண்ணவும் அளக்கவும் செய்தல் வேண்டும் என்பது எமது கருத்து. 'முன்னேற்பாடு இன்றி' என்பதை அழுத்திச் சொல்கிறோம். முன்னேற்பாடு என்று தொடங்கிவிட்டால் அனுமதிக் கடிதம், பேருந்து, பதாகை, சிறப்பு வருகையாளர், மாலை, நிழற்படம் என்று அது வளர்ந்துகொண்டே போகும். முடிவில் ஆண்டுக்கொரு முறை 'அறிவியல் விழா' நடைபெறும். மறுநாள் குழந்தைகள் மீண்டும் நாற்காலியில் அமர்ந்துவிடுவர். விழாவை எவரும் வெறுப்பதில்லை. ஆனால் தாவரங்களும் பூச்சிகளும் விழா நாளைப் பார்த்து வாழ்வதில்லை.

பொருளின்றிப் பேசலாகாது. ஆதலின், பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சிலவற்றை இங்கு எடுத்துரைப்போம். முதலில் ரப்பர் கொட்டை.

தோட்டத்தில் வளர்ந்தோர் எவரும் அதனை மறந்திருக்க மாட்டார். வெயில் காயும் நண்பகலில் காய் 'டப்'பென்று வெடிக்கும். உள்ளிருக்கும் மூன்று கொட்டைகளும் தெறித்துத் தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் போய் விழும். அவற்றைப் பொறுக்கிச் சிமெண்டுத் தரையில் வேகமாகத் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அவனை அலற வைத்த குறும்பு இன்றைய தாத்தாமார்களுக்கு நன்கு நினைவிருக்கும். உராய்வினால் வெப்பம் பிறக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. ஆனால் அக்கொட்டையில் இன்னொரு பாடமும் உண்டு. அதன் பளபளப்பான மேலோட்டில் பழுப்பும் சாம்பலும் கலந்த புள்ளிகளும் கோடுகளும் ஒரு கோலமாக அமைந்திருப்பதைக் காணலாம். அந்த மேலோடு தாய்மரத்தின் உடலிலிருந்து உருவானது. ஆகவே மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்திருந்தாலும், ஒரே மரத்தின் கொட்டைகள் யாவும் ஒரே கோலத்தைத் தாங்கி நிற்கும். விதையிட்டு வளர்த்த மரங்களாயின் மரத்திற்கு மரம் கோலம் மாறும். ஒட்டுக் கட்டி வளர்த்த மரங்களோ ஒரே மரத்தின் கிளைகளுக்கு ஒப்பானவை, எனவே 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' போன்ற ஓர் இனம் நடப்பட்ட நிரை முழுவதிலும் ஒரே கோலமே தென்படும்.

இதனைக் கொண்டு ஒரு விளையாட்டு நடத்தலாம். பத்து மாணவர் பத்து மரங்களின் அடியில் ஆளுக்கு ஐந்து கொட்டைகளைப் பொறுக்கட்டும். ஐம்பதையும் ஒரு குவியலாகக் கலந்துவிட்டு, வேறு பத்துப் பேரிடம் கொடுத்து, கோலத்தைப் பார்த்து மீண்டும் பிரிக்கச் சொல்லுங்கள். ஐம்பதும் ஒரே குவியலாக நின்றுவிட்டால் அந்த நிரை ஒட்டு மரங்களின் நிரை. பல குவியலாகப் பிரிந்தால் விதை மரங்கள் கலந்திருக்கின்றன. அருகில் வேற்று மரம் நின்றால் அதன் கொட்டை தெறித்து வந்து கணக்கைக் குழப்புவதும் உண்டு. அப்போது எழும் வாக்குவாதம் இருக்கிறதே, அதுவே அறிவியல். ஒரு காசு செலவில்லை. கொட்டை விழும் பருவம் வர வேண்டும்; அதுவொன்றே காத்திருப்பு.

பால்மரத்தை விட்டு அகலுமுன் இன்னொன்று. 'அம்மா ஏன் விடியுமுன் எழுந்து வெட்டுக்குப் போகிறார்?' என்று நான்காம் ஆண்டு மாணவரைக் கேட்டால், 'வெயிலுக்கு முன் வேலையை முடிப்பதற்கு' என்று பதில் வரும். அதுவும் மெய்யே. எனினும் மரத்திற்கும் ஒரு காரணம் உண்டு. பகலில் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. இரவில் அது மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே விடியலுக்கு முன் மரத்தின் உடலில் நீர் நிறைந்து, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அந்நேரத்தில் வெட்டினால் பால் நன்கு ஓடும். கதிரவன் ஏற ஏற அழுத்தம் தணிந்து ஓட்டமும் தளர்ந்துவிடும். இதனைக் கண்ணால் காண வேண்டுமாயின், பள்ளி வளாகத்தில் உள்ள எந்த மரத்திலாவது வெயில் படும் ஒரு கிளை நுனியை, இலைகளோடு தெளிவான ஞெகிழிப் பையில் நுழைத்து வாயைக் கட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. ஓய்வு நேரம் முடிந்து வந்து பார்த்தால் பையின் உட்புறம் மங்கலாகி, நீர்த்துளிகள் திரண்டிருக்கும். இலை இவ்வளவு நீரை இழக்கிறது என்று கண்ட குழந்தைக்கு, தாயின் விடியற்காலைப் புறப்பாடு அன்றுமுதல் வேறொன்றாகத் தோன்றும்.

அத்தாயை ஒருநாள் பள்ளிக்கு அழைத்தால் என்ன? பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன என்றும், 1888ஆம் ஆண்டு முதல் அத்தோட்டத்தை நடத்திய ஹென்றி ரிட்லி என்பார், மரத்தைக் கண்டபடி கொத்தாமல் ஒரே வெட்டின் விளிம்பை மெல்லச் சீவி வந்தால் மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் தரும் என்று காட்டினார் என்றும் நூல்களில் படிக்கிறோம். ரப்பர் பயிரிடுங்கள் என்று காண்போரையெல்லாம் வற்புறுத்தியதால் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றுகூட அக்காலத்தார் அழைத்தனர். நன்று. ஆனால் ஒரு மில்லிமீட்டர் கனத்திற்குப் பட்டையைச் சீவி, உள்ளிருக்கும் மரத்தில் காயம் படாமல் கத்தியை நிறுத்தும் கலை எந்த நூலில் இருக்கிறது? காயம் பட்டால் அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராது என்பதையும், மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும் என்பதையும் அத்தாய் தம் கையால் கற்றவர். இலையுதிர் காலத்தில் பால் எவ்வாறு குறைகிறது என்பதை அவர் சொல்ல, பிள்ளைகள் தம் குறிப்பேட்டில் எழுதட்டும். 'எனக்கு என்ன தெரியும், ஐயா?' என்று அவர் முதலில் தயங்குவார். ஒரு கத்தியையும் ஒரு மரத்தையும் காட்டினால் தயக்கம் போய்விடும். இன்று பல தோட்டங்களில் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டுவிட்டது. நம்மவர் பலரும் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். கத்தி பிடித்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கேட்க வேண்டியவற்றை இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கதை உண்டு. அது இன்னும் சுவையானது. 1981ஆம் ஆண்டுக்கு முன்பு நம் நாட்டுத் தோட்டங்களில் செம்பனைப் பெண்பூக்களுக்கு ஆட்களே மகரந்தம் தூவி வந்தனர். மரம் மரமாகச் சென்று பூத்தூளைத் தூவும் அவ்வேலையைச் செய்த பாட்டிமார் இன்றும் நம்மிடையே உள்ளனர். செம்பனைக்குக் காற்றே மகரந்தத்தைச் சுமக்கிறது என்று அக்கால நூல்கள் கூறின. ஆனால் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்பார், அங்குள்ள செம்பனைப் பூக்களில் சிறு கூன்வண்டுகள் மொய்ப்பதைக் கண்டார். மலாயாவில் அவ்வண்டுகள் இல்லாததையும் கண்டார். பின்னர் சையது என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் ஆராய்ந்து, மகரந்தத்தைக் கொண்டுசெல்வது அவ்வண்டுகளே என்று நிறுவினார். 1981ஆம் ஆண்டில் அவ்வண்டுகள் தக்க ஆய்வுகளுக்குப் பின் இங்கு கொண்டுவரப்பட்டு விடப்பட்டன. சில காலத்திற்குள் கையால் மகரந்தம் தூவும் வேலையே தேவையற்றுப் போயிற்று. நூல் சொன்னதைக் காட்டிலும் கண் கண்டதை நம்பிய ஒருவரால் வந்த மாற்றம் இது.

அவ்வண்டைக் காண்பது மிக எளிது. உயரம் குறைந்த இளமரம் ஒன்றில் ஆண்பூ மலர்ந்திருக்கும்போது அருகே சென்றால் சோம்பு மணம் வீசும். பூங்கதிரின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, கதிரை ஒரு குச்சியால் இருமுறை தட்டுங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள கரும்பழுப்பு வண்டுகள் தாளில் உதிர்ந்து ஓடும். எண்ணுங்கள், எண்ணி முடிப்பதற்குள் பாதி பறந்துவிடும். காலையில் எத்தனை, மழைக்குப் பின் எத்தனை, மணம் குறைந்துவிட்ட பழைய பூவில் எத்தனை என்று பார்த்தால் மூன்று நாள் பாடம் ஆயிற்று. மட்டையின் முள் குத்தும் என்பதால் ஆசிரியரோ தோட்டத்துப் பெரியவர் ஒருவரோ முன்னே நிற்பது நலம்.

இனி, மரம் இல்லாத நகரப் பள்ளிகளுக்கு ஒரு கழி போதும். விளக்குமாற்றுக் கழியை ஒரு மீட்டர் உயரத்திற்குத் திடலில் செங்குத்தாக நட்டு, நண்பகலை ஒட்டிப் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். நிழல் மிகக் குறுகி நிற்கும் நேரமே மெய்யான உச்சிவேளை. அது கடிகாரத்தில் 12 மணியாக இருக்கும் என்று எல்லாப் பிள்ளைகளும் பந்தயம் கட்டுவர், எல்லோரும் தோற்பர். கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்தில் அது ஏறத்தாழப் பிற்பகல் 1.15க்கு நிகழும், ஆண்டின் சில திங்களில் சற்று முன்னும் சில திங்களில் சற்றுப் பின்னும் நகரும். ஏன் இவ்வாறு? 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுபடுத்துவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டது. கடிகாரத்தைத் திருத்தினோம், கதிரவன் தன் வழியிலேயே செல்கிறது. வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டால், அந்நாளில் விடியல் அரை மணி நேரம் தாமதமானது போல் இருந்ததை அவர்கள் நினைவுகூர்வர்.

அதே கழியைக் கொண்டு இன்னொன்றும் காணலாம். வெளிநாட்டு நூல்களையும் படங்களையும் பார்த்து வளரும் பிள்ளைகள், உச்சிவேளை நிழல் எப்போதும் வடக்கு நோக்கியே விழும் என்று நம்பிவிடுகின்றனர். ஐரோப்பாவில் அப்படித்தான். நாமோ நிலநடுக்கோட்டிற்கு அருகில் வாழ்கிறோம். கோலாலம்பூர் வட்டாரத்தில் டிசம்பர்த் திங்கள் இறுதியில் ஒரு மீட்டர்க் கழியின் உச்சிநிழல் வடக்கே அரை மீட்டர் நீளும். சூன் திங்கள் இறுதியில் தெற்கே 37 சென்டிமீட்டர் அளவு நீளும். மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுப்பகுதியிலும் கழியின் அடிக்குள்ளேயே மறைந்துவிடும். நிழல் இல்லாத கழியைப் பார்த்த குழந்தைக்கு, நம் நாடு உலகப் படத்தில் எங்கே இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

சிறியன பலவும் உள்ளன. தொட்டாற்சுருங்கி இலையைத் தொட்டு, அது மீண்டும் விரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கலாம். ஒரே இலையின்மீது ஒரே வகையாக நீர்த்துளியை மீண்டும் மீண்டும் சொட்டவிட்டு, சுருங்குவது நின்றுபோகிறதா என்றும் பார்க்கலாம். 2014ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, தொட்டிச் செடிகளைப் பலமுறை மெல்ல விழச் செய்தபோது அவை சுருங்குவதையே நிறுத்திக்கொண்டன என்று கூறியது. நம் திடலில் அச்செடி களையாகக் கிடக்கிறது! வீட்டின் கீழே உலர்மணலில் புனல் போல் குழி பறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் குழியானை, பின்னாளில் தும்பியைப் போன்ற மெல்லிய சிறகுடைய பூச்சியாகிறது என்பதை எத்தனை பேர் அறிவர்? முசுறு எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தம் புழுக்களை வாயில் கவ்வி, அவை சுரக்கும் நூலால் இலைகளைத் தைப்பதைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம். குழியானை, முசுறு என்னும் இச்சொற்கள் நம் தாய்மார் வாயில் இருப்பவை, பாடநூலில் இல்லாதவை. வெளியே போனால்தான் இச்சொற்களுக்கு வேலை கிடைக்கிறது. மழை வந்து வெளியே போக முடியாத நாளில், தாழ்வாரத்தில் நின்று மின்னலுக்கும் இடிக்கும் இடையே வினாடிகளை எண்ணலாம். மூன்று வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்.

மேற்கூறியவை மகிழ்ச்சிக்கு உரியவை. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது.

1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்தில் பணியேற்றபோது, கிள்ளானும் புதிதாய்த் திறக்கப்பட்ட துறைமுகமும் மலேரியாக் காய்ச்சலால் நிலைகுலைந்திருந்தன. கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பை வடித்தார், கால்வாய் வெட்டினார், நோய் வெகுவாகக் குறைந்தது. அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது காடு வெட்ட வெட்ட நோய் மிகுந்தது. ஏன்? சமநிலத்துக் கொசுவின் புழு நிழலான தேங்குநீரில் வளர்ந்தது; மலைப்பக்கத்துக் கொசுவின் புழுவோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் வளர்ந்தது. காட்டை வெட்டியதும் ஓடைக்கு வெயில் கிடைத்துவிட்டது. ஓடைக் கரையில் குனிந்து, எந்த நீரில் எந்தப் புழு என்று பார்த்தவர்கள் இல்லாதிருந்தால் இவ்வேறுபாடு விளங்கியிருக்காது. இது நடந்த தோட்டங்களில் காய்ச்சலுக்கு இரையானோர் நம் முன்னோர். அவர்களுள் பலருக்குக் கல்லறைகூட இல்லை.

இன்று நம் லயங்களிலும் தாமான்களிலும் அச்சுறுத்துவது டெங்கிக் காய்ச்சல். அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓடையைத் தேடிப் போவதில்லை. நம் வாசலிலேயே வளர்கிறது. வெட்டாமல் விடப்பட்ட பால்மரத்தின் மங்கு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட கூரைத் தாழி ஆகிய எதிலும் கொஞ்சம் மழைநீர் இருந்தால் போதும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்து நிமிடம், ஒரு வகுப்பு முழுவதும் பள்ளியைச் சுற்றி வரட்டும். கையில் ஒரு அகப்பையும் ஒரு வெள்ளைக் கிண்ணமும் போதும். வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் நெளியும் புழு தெளிவாகத் தெரியும். நீர்மட்டத்திலிருந்து வால்பகுதியில் உள்ள மூச்சுக்குழலால் தொங்கித் தலைகீழாகச் சாய்ந்து நின்றால் அது ஏடிசு அல்லது அதன் உறவினம். மட்டத்தோடு ஒட்டிக் கிடைமட்டமாகக் கிடந்தால் மலேரியா பரப்பும் அனாபிலிசு இனம். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தவறாது நீரைக் கொட்டினால் ஒரு கொசுவும் சிறகு விரிக்காது. முட்டை உலர்ந்த பாத்திரத்திலும் பல திங்கள் உயிரோடிருக்கும் என்பதால், கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். எத்தனை பாத்திரத்தில் நீர் இருந்தது, எத்தனையில் புழு இருந்தது என்ற இரண்டு எண்களையும் வாரந்தோறும் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். எட்டு வாரத்தில் அந்த எண் இறங்குகிறதா என்று மாணவர்கள் பார்க்கட்டும். இறங்காவிட்டால் வேலிக்கு வெளியே எங்கோ நீர் தேங்கியிருக்கிறது. அதைத் தேடும் வேலை பெற்றோருடையது.

இவ்வளவும் கூறியபின், மறுப்புரைகளையும் கேட்க வேண்டும். நேரம் இல்லை என்பர் ஆசிரியர் சிலர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் அம்மறுப்புக்கு ஓரளவு வலிமை இருந்தது; 1988ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வுக்காகவே படிக்கும் பழக்கம் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. வாரத்திற்கு முப்பது நிமிடத்தால் எந்தப் பாடத்திட்டமும் குலைந்துவிடாது. பாம்பு உண்டு, வெயில் உண்டு என்பர் வேறு சிலர். உண்மைதான். காலணி அணிதல், இருவர் இருவராகச் செல்லுதல், பொந்திலோ சருகுக் குவியலிலோ கையை விடாதிருத்தல், இடிமுழக்கம் கேட்டவுடன் உள்ளே வந்துவிடுதல் ஆகிய நான்கையும் பழக்கிவிட்டால் திடலில் பந்து விளையாடுவதைவிட இது ஆபத்தானதன்று.

ஆசிரியரின் தயக்கம் வேறொன்றில் இருக்கிறது; அதை அவர் வெளியே சொல்வதில்லை. வகுப்பறையில் வினாவும் விடையும் நூலில் இருக்கின்றன. வெளியே போனால், 'சார், இந்தப் பூச்சி ஏன் பச்சையாய் இருக்கிறது?' என்று ஒரு குழந்தை கேட்டுவிடும், விடை தெரியாது. 'எனக்கும் தெரியவில்லை, எப்படிக் கண்டுபிடிக்கலாம், சொல்' என்று கூறும் ஆசிரியரை மாணவர் தாழ்வாக எண்ணுவதில்லை. பயிற்சிக் கல்லூரிகள் இவ்வொரு வாக்கியத்தைச் சொல்லப் பழக்கினாலே பாதி வேலை முடியும்.

மிகக் கடினமான மறுப்பு வீட்டிலிருந்து வருகிறது. 'பிள்ளையைப் படிக்க அனுப்பினால் வெயிலில் கொட்டை பொறுக்க வைக்கிறார்கள்' என்று பெற்றோர் வருந்துவது புரியாததன்று. தோட்டத்தில் குனிந்து பொறுக்கி வாழ்நாளைக் கழித்தவர்கள், தம் பிள்ளை குனியாமல் நாற்காலியில் அமர்ந்து எழுத வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அந்தக் கொட்டையைக் கூலிக்காகப் பொறுக்கவில்லை. அதன் கோலத்தைப் பார்த்து மரத்தின் பிறப்பைக் கூறக் கற்றுக்கொள்கிறது. மாலையில் வீடு திரும்பி, 'அப்பா, நம் நிரையில் உள்ளது ஒட்டு மரமா, விதை மரமா?' என்று கேட்டால், 'போய்ப் புத்தகத்தைத் திற' என்று துரத்திவிடாதீர்கள். அப்பள்ளியில் அவ்வினாவிற்கு உங்களைவிட நன்றாக விடை கூறவல்லவர் எவரும் இல்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்புக்கு ஒன்றாக, கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று வாங்கிக் கொடுங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் ஒரு மாணவர் அதில் நாள், இடம், பார்த்தது, எண்ணியது ஆகிய நான்கை மட்டும் எழுதட்டும். ஆண்டிறுதியில் அதைத் தூக்கி எறியாமல் அடுத்த வகுப்பிற்குக் கொடுக்க வேண்டும். பால்மரம் இலை உதிர்த்த நாள், முதல் ரப்பர் காய் வெடித்த நாள், விளக்கை ஈசல் சூழ்ந்த மாலை, கழியின் நிழல் மறைந்த நண்பகல், வெள்ளிக்கிழமைக் கொசுப்புழுக் கணக்கு என்று அது நிறையும். அடுத்த ஆண்டு மலரில் விளம்பரத்திற்கென ஒதுக்கும் பக்கங்களுள் ஒன்றை விட்டுக்கொடுத்து, அக்கணக்கை மாணவர் பெயரோடும், அவர்களுக்கு விடை கூறிய தாய் தந்தையர் பெயரோடும் அச்சிடலாம்.